ஒரு பக்க மூக்கடைப்பு: கத்திக்கு முன் படம் ஏன்?

மூக்கடைத்தால் பீனிசம், பீனிசம் என்றால் ஆவி பிடித்தல். எங்கள் வீடுகளில் வைத்தியம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. சில நாட்களில் விட்டுப்போகும் தடிமனுக்கு அது போதும். ஆனால் ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்திருந்து, சீறும்போது இரத்தமும் வந்தால், உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேயாக வேண்டும்.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அதிகமாகக் காணப்படும் ஒரு நோய் றைனோஸ்போரிடியோசிஸ். பெயரை மனனம் பண்ணத் தேவையில்லை, அடையாளத்தை அறிந்திருந்தால் போதும். மூக்கினுள் வெண்புள்ளிகள் தெளித்த சிவந்த சதை வளரும். தொட்டால் இரத்தம் கசியும். தேங்கிய நீரில் முழுகுவோருக்கு இது வருவதாகக் கருதப்படுகிறது. நோயாளிகளில் ஆண்களே அதிகம். ஆனால் படுவான்கரையில் குளத்திலேயே உடுப்புத் துவைத்துக் குளித்து வளர்ந்த பெண்களும் கவனிக்க வேண்டியது இது. 1900இல் ஆர்ஜென்டீனாவில் சீபர் என்பவர் விவரித்த இந்தக் கிருமியை நீண்டகாலம் பூஞ்சணம் என்றே எண்ணினார்கள். 1990களின் இறுதியில்தான், மீன்களைத் தாக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களின் உறவு இது என்று மரபணு ஆய்வு காட்டியது. இது புற்றுநோயல்ல. ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. எனவே நோயாளியின் கோப்பையை ஒதுக்கி வைக்காதீர்கள். சத்திரசிகிச்சையில் சதையை எடுத்து அடியைச் சுட்டுவிடுவார்கள். மிச்சம் இருந்தால் திரும்பவும் வளரும்.

மிச்சம் வைக்காமல் எடுக்க, அது எங்கே தொடங்கி எதுவரை போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் சளியும் சதையும் ஒரே வெள்ளைதான். சி.ரி. ஸ்கானோ பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல முகத்தைக் காட்டும். கன்னத்தினுள் இருக்கும் காற்றறை, கண்குழி, மேல்தாடைக்குப் பின்னாலுள்ள ஆழமான இடங்கள், அரிக்கப்பட்ட எலும்பு எல்லாம் தெரியும். கண் அல்லது மூளைப் பக்கம் சந்தேகமிருந்தால் எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்கள். நோய் இன்னதென்று உறுதி செய்வது பெரும்பாலும் சதைத்துண்டுப் பரிசோதனைதான்.

அந்தத் துண்டையும் அவசரப்பட்டு எடுக்கக்கூடாத கட்டிகள் உண்டு. பருவ வயது ஆண்பிள்ளைகளின் மூக்கின் பின்புறத்தில் வரும் ஒரு இரத்தக்குழாய்க் கட்டியைச் சற்றுக் கிள்ளினாலே இரத்தம் பெருகும். குழந்தையின் மூக்கில் பிறவியிலேயே தெரியும் சதை, மண்டையோட்டு ஓட்டை வழியாக இறங்கிய மூளைப்பகுதியாகவும் இருக்கலாம். “கிள்ளி எடுத்தால் முடிந்தது, படம் எதற்கு?” என்று வைத்தியரை நெருக்குபவர்கள் இதை அறிய வேண்டும்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டினால், தேவைப்பட்டால் கடிதம் தந்து காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். ஸ்கானுக்கு முன் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிறுநீரக நோய், மருந்து ஒவ்வாமை இருந்தாலும் சொல்லுங்கள். சிலவேளை ஊசிமூலம் சாயமருந்து ஏற்றுவார்கள். படத்தையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். வருடங்கள் கழித்துச் சதை திரும்ப வளர்ந்தால், பழைய படத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.