தேரையும் தண்ணீர்த் தொட்டியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

தேரை என்றதும் நம்மில் பலர் முகத்தைச் சுளிப்போம். மெலிந்த குழந்தையைக் கண்டால் 'தேரை விழுந்திருக்கிறது' என்பார்கள். உள்ளே பருப்பில்லாத தேங்காயைத் 'தேரை மோந்த காய்' என்று ஒதுக்குவார்கள். என் தந்தையார் தேங்காய் உரிக்கும் தொழிலாளி. காயைக் கையில் எடுத்த மாத்திரத்திலேயே அது தேரைக் காயா, நல்ல காயா என்று சொல்லிவிடுவார். தேரைக்கும் அந்தக் காய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை, மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவுமே காரணம் என்று நான் சொன்னபோது சிரித்தார். ஆனால் தேரையால் உண்மையாகவே ஒரு தீங்கு உண்டு என்பது எங்கள் வீட்டில் ஓர் இரவில்தான் தெரிந்தது.

சென்ற ஐப்பசி மழையின்போது, எங்கள் நாய் மணி கிணற்றடித் தொட்டியருகே ஒரு தேரையைக் கவ்விவிட்டது. உடனே துப்பியும் விட்டது. சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளிற்று. தலையை உதறிக்கொண்டு மண்ணில் புரண்டது. பாம்பு தீண்டிவிட்டது என்று அம்மா அழத் தொடங்கினார். அம்மாயி புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். அப்பா நாயின் தலையை நிமிர்த்திப் பிடித்து ஊற்றினார். அது இருமித் திணறியது.

"அம்மிணி, நீ காலேசுல தவளையத்தானே படிக்கறே? இதுக்கு என்ன பண்றதுன்னு சொல்லு" என்றார் அப்பா.

விலங்கியல் என்றால் தவளை அறுப்பது என்றுதான் எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். இப்போது ஆய்வகத்தில் நாங்கள் தவளை அறுப்பதில்லை, படமும் மாதிரியும்தான். அது கிடக்கட்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னிடம் பதில் இல்லை. நல்லவேளையாக மணி விடிவதற்குள் எழுந்து வாலை ஆட்டியது. காலையில் அப்பா தடியை எடுத்துக்கொண்டு, "தொட்டியடியில இருக்கற தேரையெல்லாம் அடிச்சுப் போட்டறலாமா?" என்று கேட்டார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கல்லூரி நூலகத்துக்கு வந்தேன். அங்கே தேடத் தேட, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்நாட்டில் நாய் வளர்ப்போர்க்கும், கொல்லையில் குளம் வைத்திருப்போர்க்கும் இஃது அன்றாடத் தொல்லையாம்.

முதலில் நஞ்சைப் பார்ப்போம். தேரையின் கண்ணுக்குப் பின்னால், தோளை ஒட்டி இரண்டு பக்கமும் புடைப்பாக இரு சுரப்பிகள் உள்ளன. அவற்றை அழுத்தினால் பால் போன்ற திரவம் கசியும். தேரை யாரையும் கடிப்பதில்லை. அதற்குப் பாம்பைப் போல நச்சுப் பல்லும் கிடையாது. தன்னைக் கடிப்பவரின் வாய்க்காகவே அது நஞ்சை வைத்திருக்கிறது. அந்த நஞ்சு இதயத்தைத் தாக்கும். நம் வேலியோரத்து அரளியில் உள்ள நஞ்சு எவ்வாறு வேலை செய்யுமோ, ஏறத்தாழ அவ்வாறே இதுவும் உயிரணுக்களின் சோடியம்-பொட்டாசியம் சமநிலையைக் குலைக்கும். தொட்டால் மரு வரும் என்பது பொய். ஆனால் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரிச்சல் தாங்காது.

குயின்ஸ்லாந்தில் இருப்பது கரும்புத் தேரை என்னும் பெரிய இனம். அதன் தாயகம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். ஆஸ்திரேலியாவுக்கு அது தானாக வரவில்லை. கரும்பின் வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களால் விவசாயிகள் தவித்தபோது, 1935இல் ஹவாய்த் தீவிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டு வந்து வளர்த்துப் பெருக்கினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் கார்டன்வேல் என்ற ஊரை ஒட்டி 2,400 குஞ்சுகளை விட்டார்கள். வால்டர் ஃபிராகட் என்ற பூச்சியியல் அறிஞர் வேண்டாம் என்று எச்சரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. புழுவோ மண்ணுக்குள் இருந்தது. வண்டோ கரும்பின் உச்சியில் இருந்தது. தேரை இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தது! வண்டு குறையவில்லை, தேரை பெருகிற்று. ஒரு பெண் தேரை ஒரே தடவையில் 8,000 முதல் 30,000 முட்டைகள் வரை இடும். 2001இல் காக்கடூ தேசியப் பூங்காவை எட்டிய அவை, பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் புகுந்துவிட்டன. தேரை நஞ்சையே அறியாத அந்நாட்டுப் பாம்புகளும் உடும்புகளும் குவோல் என்னும் சிறு விலங்குகளும் அவற்றைத் தின்று மடிந்தன. காகங்கள் மட்டும் தேரையைப் புரட்டிப் போட்டு, முதுகை விட்டுவிட்டு வயிற்றுப் பக்கமாகக் கொத்தித் தின்னக் கற்றுக்கொண்டன. காகத்தின் புத்தி எந்த நாட்டிலும் காகத்தின் புத்திதான்!

அங்கே வீடுகளில் என்ன செய்கிறார்கள்? தேரை தண்ணீருக்கும், விளக்கைச் சுற்றும் பூச்சிக்கும், நாய்க்கு வைத்த மிச்சச் சோற்றுக்குமே வருகிறது. ஆதலால் இரவில் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தையும் சோற்றுத் தட்டையும் உள்ளே எடுத்து வைக்கிறார்கள். தேரை அந்தக் கிண்ணத்திலேயே இறங்கி உட்கார்ந்துகொள்வதும் உண்டு. வாசல் விளக்கை வேலையில்லாத நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள். தேரைக்கு உயரமாகத் தாண்ட வராது. குளத்தைச் சுற்றி அரை மீட்டர் உயரத்தில் நெருக்கமான கம்பி வலை அடித்தாலே போதும். அல்லது கரையில் செடிகளை அடர்த்தியாக வளர்த்தால் வெட்ட வெளியை விரும்பும் தேரை ஒதுங்கிவிடும். குளத்தில் முட்டை கிடந்தால் அடையாளம் எளிது. கரும்புத் தேரையின் முட்டைகள் கறுப்பு மணி கோத்த நீண்ட கூழ்ச் சரம் போலக் கிடக்கும். அந்நாட்டுத் தவளைகளின் முட்டைகள் பெரும்பாலும் நுரையாகவோ திரளாகவோ இருக்கும். கையுறை போட்டுச் சரத்தை இழுத்து வெயிலில் காயப் போடுகிறார்கள். வளர்ந்த தேரையை முன்பெல்லாம் மட்டையால் அடித்தார்களாம். அது கொடுமை என்று உணர்ந்து, முதலில் குளிர்ப்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து, பிறகு உறைய வைக்கும் முறையை அறிவியலார் கூறுகின்றனர். அதிலும், பிடித்தது கரும்புத் தேரைதானா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பார்வைக்கு ஏமாற்றும் உள்நாட்டுத் தவளைகள் பல வீணாகச் சாகின்றன.

இனி, அன்றிரவு எனக்குத் தெரியாமற் போன விஷயத்துக்கு வருகிறேன். நாய் தேரையைக் கவ்விவிட்டால் வாயில் எச்சில் ஒழுகும், ஈறு சிவந்து போகும், முன்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும். அப்போது எதையும் தொண்டைக்குள் ஊற்றவே கூடாது. ஊற்றினால் வாயிலுள்ள நஞ்சு வயிற்றுக்குள் போகும். தண்ணீர் நுரையீரலுக்குள்ளும் போகும். ஈரத் துணியால் ஈறு, நாக்கு, மேல் அண்ணம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். துணியை அலசி அலசிப் பத்து நிமிடமாவது துடைக்க வேண்டும். தண்ணீர் விடுவதானால் நாயின் முகத்தைக் கீழ்நோக்கித் தாழ்த்தி, வாயின் பக்கவாட்டிலிருந்து விட்டு, அது வெளியே வழிந்தோடச் செய்ய வேண்டும். தள்ளாட்டமோ வலிப்போ கண்டால் துடைத்துக்கொண்டே நிற்கக் கூடாது, கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். குயின்ஸ்லாந்தில் இதில் தாமதித்து நாயை இழந்தவர்கள் உண்டு. மணி கவ்வியது சிறிய தேரை, அதையும் உடனே துப்பிவிட்டது. அதனால்தான் பிழைத்தது; நாங்கள் செய்த வைத்தியத்தால் அன்று. அந்தப் புளித்தண்ணீரே அதைக் கொன்றிருக்கும்.

நம் தேரையிலும் இதே வகை நஞ்சுதான். ஆனால் அது நம் மண்ணுக்கு அந்நியம் அன்று. நம் சாரைப் பாம்பு தேரையை விழுங்கிவிட்டு நலமாக ஊர்ந்து போகும். பல்லாயிரம் தலைமுறைப் பழக்கம். அதே ஆசியத் தேரை கப்பல் சரக்கோடு மடகாஸ்கர் தீவில் இறங்கி, 2014இல் கண்டறியப்பட்டு, இன்று அங்கே தீராத தலைவலியாகிவிட்டது. ஓரிடத்தில் வீட்டுப் பிராணி போலக் கிடப்பது இன்னோரிடத்தில் கொள்ளை நோயாகிறது.

இதையெல்லாம் இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நடுவில் பேசவேயில்லை. கடைசியில், "அப்ப நாம ஊத்துனதுதான் தப்பா?" என்று மட்டும் கேட்டார். தடியைக் கொட்டகையில் சாத்தினார். இப்போது இரவானால் மணியின் கிண்ணத்தை அம்மாயி கவிழ்த்து வைத்துவிடுகிறார். தொட்டிக்கு மேல் இருந்த பல்பைத் திண்ணைப் பக்கம் மாற்றிவிட்டோம். தேரைகள் இன்னும் கிணற்றடியில்தான் இருக்கின்றன. மணி அவற்றைக் கண்டால் இரண்டு முழம் தள்ளிச் சுற்றிக்கொண்டு போகிறது. பருப்பில்லாத காயை மட்டும் அப்பா இன்னமும் தேரைக் காய் என்றே சொல்லி ஒதுக்குகிறார்.