உரிமத்தில் இடம்பெறாத கேள்விகள்

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசுக் கடைக்குள் நுழைந்தால், கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படமும் அதன் அருகில் சட்டமிட்ட உரிமமும் தொங்குவதைக் காணலாம். இரண்டையும் கடைக்காரர் ஒரே பயபக்தியோடுதான் வைத்திருப்பார். பட்டாசு ஆலைகளைக்கூட அப்பகுதி மக்கள் உரிமத்தின் பெயரால்தான் தரம் பிரிக்கிறார்கள்: நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம். உரிமத்தை யார் தந்தது என்பது ஊருக்கே தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. அதை எழுதியவர் யார் என்று எவரும் கேட்பதே இல்லை.

எழுதியவர்களில் நானும் ஒருவன். உள்ளாட்சி அமைப்புகளுக்கான உரிம மேலாண்மை மென்பொருளில் வார்ப்புருக்களை அமைத்துக் கொடுப்பது சில ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது. வார்ப்புரு என்றதும் அச்சிட வேண்டிய வெற்றுத் தாள் என்றே பலரும் நினைக்கிறார்கள். விண்ணப்பதாரரிடம் எவற்றைக் கேட்பது, எந்தச் சான்று இல்லாவிட்டால் விண்ணப்பத்தை நிறுத்துவது, கோப்பு எந்த அலுவலரிடம் முதலில் செல்வது, ஆய்வுக்குப் போகிறவர் எவற்றைப் பார்த்துக் குறிப்பது, எந்த நிபந்தனைகளை அச்சிடுவது, உரிமம் எந்த நாளில் காலாவதியாவது ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம். ஒருமுறை அமைத்துவிட்டால், பிறகு வழங்கப்படும் ஒவ்வோர் உரிமமும் அதே அச்சில் வார்க்கப்படும். அதில் கேட்காமல் விட்ட கேள்வியை அதன்பின் அலுவலகத்தில் எவரும் கேட்பதில்லை.

பட்டாசுக் கடைக்கான உரிமத்தை வெடிபொருள் விதிகள், 2008-இன்படி மாவட்ட நிர்வாகம் வழங்குகிறது. அதற்கு முன் காவல், தீயணைப்பு, வருவாய், உள்ளாட்சி ஆகிய துறைகளின் அறிக்கைகள் பெறப்படுகின்றன. விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. நிரந்தரக் கடை 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மிகாமலும் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். தனி நுழைவாயிலும் அவசர வழியும் தேவை. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தீபாவளிக்காகப் போடும் தற்காலிகக் கடைகள் ஒன்றுக்கொன்று 3 மீட்டர், பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது.

இவற்றை ஆய்வுப் பட்டியலாக மாற்றும் வேலை ஓர் அலுவலகத்தில் எனக்கு வந்தது. அங்கேதான் தவறு செய்தேன். ஆய்வாளர்களுக்கு வேலை எளிதாகட்டும் என்று எல்லாக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்ற விடை முன்னரே தேர்வாகியிருக்கும்படி அமைத்தேன். குறை இருந்தால் மட்டும் 'இல்லை' என்று மாற்றினால் போதும். ஆய்வறிக்கைகள் விரைவாக வந்தன, பாராட்டும் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து ஒரு கடைக்கு வாடிக்கையாளனாகப் போனேன். கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது என்று அறிக்கை சொன்ன கடை அது. வாசலில் இருந்தது ஷட்டர். அது வெளியேயும் திறக்காது, உள்ளேயும் திறக்காது, மேலேதான் போகும். பின்வழியை மறைத்து அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. ஆய்வாளர் பொய் எழுதவில்லை, அவர் எதையுமே எழுதவில்லை. அவருக்காக நான் எழுதியிருந்தேன்.

2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் பட்டாசுக் கடையில் நேர்ந்த தீ விபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பெரும்பாலோர் பெண்கள். அதற்குப் பத்து நாள்களுக்கு முன்புதான் ஒசூரை ஒட்டிய கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளிக் கடையில் தமிழக இளைஞர்கள் பலர் மாண்டிருந்தனர். இவ்விபத்துகளுக்குப் படிவமே காரணம் என்று கூற வரவில்லை. ஆனால், தீபாவளி நெருங்கும்போது கடை வெறும் கடையாக இருப்பதில்லை என்பது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வாரம் தங்கியவருக்கும் தெரியும். பரிசுப்பெட்டிகளில் பூச்சட்டியையும் கம்பி மத்தாப்பையும் அடுக்கும் வேலை அங்கே நடக்கும். லாரியில் சரக்கு ஏறும், இறங்கும். ஆலை அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது இப்பகுதியில் குழந்தைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. நான் அமைத்த கடை வார்ப்புருவிலோ 'ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்?' என்ற கேள்வியே இல்லை. விற்பனை என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, விற்பனைக்கு முன் கடைக்குள் என்னென்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

அளவைக் குறிக்கும் கட்டம் இன்னொரு சிக்கல். ஓர் உரிமத்தில் 100 கிலோ வெடி வகைகளும் 500 கிலோ கம்பி மத்தாப்பும் அனுமதிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வார்ப்புருவில் 'மொத்த அளவு' என்று ஒரே கட்டம் இருந்தால் 600 என்று பதிவாகும். உரிமத்திலும் 600 கிலோ என்றே அச்சாகும். 600 கிலோவும் வெடியாகவே இருந்தாலும் ஆய்வாளரால் அந்தத் தாளைக் காட்டிக் குற்றம் சொல்ல முடியாது. வகைக்கொரு கட்டம் வேண்டும். அக்கட்டம் எண்ணை மட்டுமே ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் 'நூறு' என்று எழுதுவார், இன்னொருவர் '20 பெட்டி' என்பார், மூன்றாமவர் புள்ளி வைத்துவிட்டுப் போவார். கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டத்தில் வைக்கப்படும் அந்த ஒற்றைப் புள்ளியை அரசு அலுவலகக் கணினிகளில் நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை.

உரிமம் வழங்கியதோடு வார்ப்புருவின் பணி முடிந்துவிடுவதாகவும் எண்ணுகிறோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த ஆலையின் உரிமம் முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. நிறுத்திவைத்த செய்தி கோப்பில் இருக்கும். சுவரில் தொங்கும் தாள் அப்படியேதான் இருக்கும். காலையில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு அந்தத் தாள்தான் தெரியும். கைப்பேசியால் வருடினால் உரிமத்தின் இன்றைய நிலையைக் காட்டும் கியூ.ஆர். குறியீட்டை வார்ப்புருவின் மூலையில் சேர்ப்பது அரை நாள் வேலை. ஆனால், 'நடப்பில் உள்ளது', 'நிறுத்திவைக்கப்பட்டது', 'காலாவதியானது' என்ற நிலைகளைக் கணினியில் அன்றன்றே மாற்றும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்ய எத்தனை கூட்டங்கள் தேவைப்படும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

நிபந்தனைகள் எந்த மொழியில் இருக்கின்றன என்பதும் சிறிய விஷயமன்று. நான் பார்த்த உரிமங்கள் பலவற்றில் அவை ஆங்கிலத்தில், தாளின் பின்புறத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருந்தன. சட்டமிட்டு மாட்டியபின் பின்புறத்தை யார் படிப்பது? அனுமதிக்கப்பட்ட அளவு, ஆள் எண்ணிக்கை, அவசர வழி, முடிவு நாள் ஆகியவற்றைத் தமிழில், பெரிய எழுத்தில், முன்பக்கத்திலேயே அச்சிட வார்ப்புருவில் எந்தத் தடையும் இல்லை. நாம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த 'ஆம்' விவகாரத்தை அலுவலகத்தில் நானே ஒப்புக்கொண்டு, விடைக் கட்டங்களை வெறுமையாக்கினேன். கதவு பற்றிய கேள்வியையும் மாற்றினேன். 'கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா?' என்பதற்குப் பதிலாக, 'திறந்த நிலையில் கதவின் படத்தை இணைக்கவும்' என்று வைத்தேன். ஓர் ஆய்வுக்கு முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆகிறது என்று ஆய்வாளர்கள் புகார் சொன்னார்கள். முதல் வாரம் வந்த படங்களில் மூன்று ஷட்டர்கள் இருந்தன.