மழை நகரில் சதைப்பற்றுச் செடிகள்

தீபகற்ப மலேசியாவில் மிகுதியான மழையைப் பெறும் நகரம் தைப்பிங். இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை மாநகரம் ஓராண்டில் பெறும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் மட்டுமே. ஈரக்காற்று பிந்தாங் மலைத்தொடரில் மோதி மேலெழும்பிக் குளிர்வதால், மலையடிவாரத்தில் இருக்கும் தைப்பிங்கில் மழை கொட்டுகிறது. ஈயச் சுரங்க நிலத்தில் 1880ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள், இம்மழையைக் குடித்து நூறாண்டுகளுக்கும் மேலாகச் செழித்து நிற்கின்றன. ஆனால், அதே மழை வீட்டு வாசலில் இருக்கும் சிறிய கற்றாழையை ஒரே வாரத்தில் அழுகச் செய்துவிடலாம்.

கற்றாழை, ரணகள்ளி, பிரண்டை, கள்ளி போன்றவை சதைப்பற்றுத் தாவரங்கள் எனப்படுகின்றன. இவை தம் தடித்த இலைகளிலோ தண்டுகளிலோ நீரைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் மக்கள் வாழ்ந்த காலத்தில், லயன் வீடுகளின் கொல்லையில் கற்றாழை தரையிலேயே வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பலர் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். நிலம் இல்லாத இடத்தில் செடிகளும் பூச்சாடிக்கு மாறின. தரையில் தன் விருப்பம்போல் வேர்விட்ட செடி, சாடியில் முழுக்க முழுக்க மனிதரை நம்பியிருக்கிறது. எனவே, அதன் இயல்பை அறிந்து பேணுவது இன்றியமையாதது.

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. அப்போது இலையிலிருந்து நீராவியும் வெளியேறுகிறது. சதைப்பற்றுத் தாவரங்கள் பலவும் இந்த இழப்பைத் தவிர்க்க, வெயில் தணிந்த இரவில் துளைகளைத் திறக்கின்றன. இரவில் பெற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், 1813ஆம் ஆண்டில் இதன் அடையாளத்தைக் குறிப்பிட்டார். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிப்பதையும், நண்பகலில் அப்புளிப்பு மறைந்துவிடுவதையும் அவர் நாவால் கண்டறிந்தார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கியது.

இவ்வளவு சிக்கனமாக நீரைச் செலவிடும் செடிக்கு அடிக்கடி நீர் தேவையில்லை. வேர்களும் சுவாசிக்கின்றன. மண்ணில் இருக்கும் சிறு இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் அவற்றுக்கு உயிர்வளி கிடைக்கும். அந்த இடைவெளிகளை நீர் நெடுநேரம் நிரப்பிக்கொண்டால், வேர்கள் மூச்சடைத்து நலிவடைகின்றன. பின்னர், பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் அவற்றைத் தாக்கி அழுகச் செய்கின்றன.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகின்றனர். வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஆதலால், மண் ஈரமாக இருந்தும் இலைகள் சுருங்குகின்றன. அதைக் கண்டவர், செடிக்குத் தாகம் என எண்ணி மேலும் நீரூற்றுகிறார். அன்பே அதன் அழிவுக்குக் காரணமாகிவிடுகிறது. இலை சுருங்கி மண்ணும் காய்ந்திருந்தால் நீர் தேவை. இலை மஞ்சளாகி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வகையில் கொழகொழத்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரைச் சோதிக்க வேண்டும்.

கடையில் வாங்கிய செடி ஈரத்தைப் பிடித்துவைக்கும் தேங்காய் நார்த்தூளில் நடப்பட்டிருந்தாலும், வேர்கள் சாடியின் அடித்துளை வழியாக வெளியே வந்தாலும், மண் இறுகிப்போனாலும் செடியைச் சாடி மாற்ற வேண்டும். புதிய சாடி பழையதைவிட இரண்டு விரற்கடை மட்டும் அகலமாக இருந்தால் போதும். மிகப் பெரிய சாடியில் மண் அதிகம். வேர் உறிஞ்சாத ஈரமும் அதிகம். சாடியின் அடியில் துளை இருப்பது கட்டாயம். சுட்ட மண்சாடியின் நுண்துளைகள் வழியாகவும் ஈரம் வெளியேறுவதால், நெகிழிச் சாடியைவிட அது மழை நகருக்கு ஏற்றது.

அடுத்து, மண் கலவை. தோட்ட மண் ஒரு பங்கும், பருமணல், உமிக்கரி, உடைத்த கரித்துண்டு, பெர்லைட் போன்றவற்றுள் கிடைப்பவை சேர்ந்து இரண்டு பங்குமாகக் கலக்கலாம். கலவையை நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

சாடியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், பெரிய இடைவெளி கொண்ட கற்களுக்குள் எளிதில் இறங்காது. மேல்மண் முழுதும் ஊறிய பிறகே கீழே சொட்டும். ஆகவே, கற்கள் ஈரம் தேங்கும் பகுதியை வேருக்கு இன்னும் அருகில் உயர்த்திவிடுகின்றன. கற்களை அடியில் இடுவதைவிடப் பருமணலை மண்ணோடு கலப்பதே சிறந்தது.

சாடி மாற்றுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே நீரூற்றுவதை நிறுத்திவிட வேண்டும். நெகிழிச் சாடியாயின் அதன் பக்கங்களை மெல்ல அழுத்தி, சாயத்து, செடியின் அடிப்பகுதியைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். இலையைப் பிடித்து இழுத்தால் அது ஒடிந்துவிடும். பழைய மண்ணை விரலால் உதிர்த்து வேர்களைப் பார்க்க வேண்டும். உறுதியான வேர்கள் நலமானவை. கறுத்து, மென்மையாகி, நாற்றம் வீசும் வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். தாய்ச்செடியைச் சுற்றி வேருடன் முளைத்திருக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்துத் தனியே நடலாம். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

வெட்டிய செடியை உடனே நடக்கூடாது. நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால், வெட்டுக்காயம் காய்ந்து மூடிக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த தைப்பிங்கில் கூடுதலாக ஓரிரு நாள் காத்திருப்பது நல்லது. பிறகு, இலைகள் மண்ணில் புதையாதவாறு நட்டு, வேரைச் சுற்றிக் கலவையை நிரப்ப வேண்டும். நட்ட பின் ஏறத்தாழ ஒரு வாரம் நீரூற்ற வேண்டாம். அதன்பின், நீர் அடித்துளை வழியாக வெளியேறும் வரை நன்றாக ஊற்றி, மண் முற்றும் காய்ந்த பிறகே அடுத்த முறை ஊற்ற வேண்டும். சாத்தே குச்சி ஒன்றைச் சாடியின் அடிவரை செருகி எடுத்தால் உள்ளிருக்கும் ஈரம் தெரிந்துவிடும். குச்சியில் மண் ஒட்டியிருந்தால் இன்னும் காத்திருக்கலாம்.

சாடியை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள, மழைச்சாரல் படாத கூரையடியில் வைப்பது சிறப்பு. புதிதாக நட்ட செடியை உச்சி வெயிலில் வைக்காமல், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். சாடியின் அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். அது வேரை அழுகச் செய்வதோடு, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடமாகவும் மாறும். அந்த முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முழுக் கொசுவாகிவிடுகிறது. எனவே, தட்டு இன்றி வைப்பது செடிக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

தண்டின் அடிப்பகுதி அழுகிய செடியையும் சில வேளைகளில் காப்பாற்றலாம். அழுகாத மேற்பகுதியை வெட்டி, காயவைத்து நட்டால் புதிய வேர் பிடிக்கக்கூடும். ரணகள்ளியின் ஓர் இலையைத் தரையில் இட்டாலே, அதன் விளிம்பிலிருந்து குட்டிச் செடிகள் முளைத்துவிடும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது பழமொழி. உலர்நிலத்துக்குப் பழகிய செடியை மழை நகரில் வளர்ப்பவருக்கு இப்பழமொழி அன்றாடப் பாடமாகும். ஊற்றும் நீரை அளந்து, காத்திருக்கப் பழகியவரின் வீட்டில் கற்றாழை பல ஆண்டுகள் நிலைத்து வாழும்.