எத்தனை தண்டால் என்று சீட்டு சொல்லட்டும்

துபாய் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தான் 2017-ல் தொடங்கிவைத்த ‘துபாய் ஃபிட்னஸ் சேலஞ்ச்’ கேட்பது எளிது: முப்பது நாள், தினமும் முப்பது நிமிடம் உடற்பயிற்சி. அந்த ஒரு மாதம் ஊரே கூட இருப்பதால் உற்சாகத்துக்குக் குறைவில்லை. சிரமம் அதன்பின்தான். டூட்டி முடிந்து வந்தால் அதே ரூம், அதே இரண்டு டம்பெல், அதே மூன்று செட். இங்கே பலர் எடைப் பயிற்சியைக் கைவிட உடல் வலியைவிடச் சலிப்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சலிப்புக்கு ஒரு பழைய மருந்து உண்டு. இன்று என்ன, எத்தனை என்பதைச் சீட்டிடமோ பகடையிடமோ விட்டுவிடுவது. பெல்ஜியத்தில் பிறந்த மல்யுத்த வீரர் கார்ல் காட்ச், ஜப்பானில் தம் சீடர்களை ஒரு சீட்டுக்கட்டை வைத்தே வேலை வாங்கினார். அவர் கொடுத்த பயிற்சிகள் நம் மல்யுத்தக்களத்துத் தண்டாலும் பஸ்கியும்தான். சிவப்புச் சீட்டு வந்தால் தண்டால், கறுப்பு வந்தால் பஸ்கி. சீட்டில் உள்ள எண்தான் எண்ணிக்கை.

படச் சீட்டுகளுக்குப் பத்து, ஏஸுக்குப் பதினொன்று என்று வைத்தால் ஒரு ஜாதிக்கு 95 வரும். முழுக்கட்டையும் முடித்தால் 190 தண்டால், 190 பஸ்கி. புதிதாகத் தொடங்குபவருக்கு இது மிக அதிகம். இரண்டிலிருந்து ஆறு வரை உள்ள சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நாற்பது தண்டால், நாற்பது பஸ்கியோடு முடிந்துவிடும். எப்படிக் குலுக்கினாலும் மொத்தம் மாறாது, வரிசைதான் மாறும். அடுத்து வருவது இரண்டா பத்தா என்று தெரியாத அந்தச் சின்னப் பதற்றமே ஆளை விடாமல் இழுத்துச் செல்கிறது.

பகடை அப்படி அல்ல. விழுந்த எண்ணே மறுபடி விழலாம். மார்பு, முதுகு, கால் என்று ஆறு முகத்துக்கும் ஒவ்வொன்றை ஒதுக்கி, வாரத்தில் ஆறு நாள் உருட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கால் என்ற முகம் ஒருமுறைகூட விழாமல் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தோள் மூன்று நாள் தொடர்ந்து விழவும் கூடும். அதனால் எந்த உடற்பகுதி என்பதை ஒருபோதும் அதிர்ஷ்டத்திடம் விடாதீர்கள். திங்கள் கால் என்றால் திங்கள் கால்தான். அந்த நாளுக்குள் எந்தப் பயிற்சி என்பதில் பகடை விளையாடட்டும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வில், ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய ஆண்களில் ஒரு குழு எட்டு வாரமும் ஒரே பயிற்சிகளைச் செய்தது. இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு செல்போன் செயலி குலுக்கிப் பொறுக்கிக் கொடுத்தது. தசை வளர்ச்சியில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குலுக்கல் குழுவுக்கு ஆர்வம் மட்டும் கூடியிருந்தது. குலுக்கலிடம் தசையை எதிர்பார்க்காதீர்கள். நாளையும் பயிற்சிக்கு வரும் மனதை அது தரும். அதுவே பெரிய லாபம்.

வலிமை கூடுவது வேறு வழியில். போன மாதம் 40 கிலோ தூக்கியவர் இந்த மாதம் 45 தூக்க வேண்டும். பயிற்சியைத் தினமும் மாற்றினால் கூடியதா குறைந்ததா என்று அளக்கவே முடியாது. எனவே ஒவ்வொரு நாளும் முதல் பயிற்சி நிலையாக இருக்கட்டும்: ஸ்குவாட்டோ, பெஞ்ச் பிரஸ்ஸோ, டெட்லிஃப்ட்டோ. எடையை நோட்டில் எழுதிவையுங்கள். துணைப் பயிற்சிகளுக்கு மட்டும் பகடையை எடுங்கள். எண்ணிக்கைக்கும் அது உதவும்: விழுந்த எண்ணோடு ஆறைக் கூட்டினால் ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் நிற்கும்.

இரண்டு பகடை இருந்தால் இன்னும் நுட்பமாக ஆடலாம். கூட்டுத்தொகை ஏழு, 36-க்கு ஆறு முறை வரும். இரண்டோ பன்னிரண்டோ தலா ஒருமுறைதான். அடிக்கடி வேண்டிய பயிற்சிகளை ஆறு, ஏழு, எட்டில் வையுங்கள். ஆளை முறிக்கும் பயிற்சியைப் பன்னிரண்டில் வையுங்கள்.

ஜிம்முக்குப் பணம் கட்ட வழியில்லாமல், பலரோடு பகிரும் ரூமில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கும் பெட் ஸ்பேஸ்காரருக்கும் இது பொருந்தும். எல்லா ரூமிலும் கிடக்கும் ஐந்து கேலன் தண்ணீர் கேன், நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 19 கிலோ. அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடுக்கலாம், ஒரு கையில் பிடித்துப் படியேறலாம். தொடக்கத்தில் பாதி கேன் போதும்.

ஒரு எச்சரிக்கை. பழகாத பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும். பழகப் பழக அந்த வலி குறையும். அடிக்கடி மாற்றினால் ஒவ்வொரு புதுப் பயிற்சியோடும் திரும்ப வரும். சாரத்தில் ஏறிக் கம்பி கட்டுபவருக்குக் கால் நடுங்கினால் ஆபத்து. அவர் பட்டியலில் புதிதாக எதைச் சேர்த்தாலும் விடுமுறைக்கு முந்தைய இரவில் செய்து பார்க்கட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் இரண்டு மாதம் பகடையே வேண்டாம்; குனிவதும் தூக்குவதும் முறையாகப் பழகட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மொட்டைமாடிப் பயிற்சியை விடிகாலைக்குத் தள்ளுங்கள். நோன்பு மாதத்தில் சீட்டுகளைப் பாதியாகக் குறைத்து, நோன்பு திறந்து சற்று நேரம் கழித்துத் தொடங்குங்கள்.