கேனன் 300டி: விலையைக் குறைக்க எதையெல்லாம் விட்டார்கள்?



இந்த மலரில் கவிதைக்கும் கதைக்கும் பஞ்சம் இருக்காது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நான் ஒரு கேமராவைப் பற்றி எழுதுகிறேன். சிலமலையிலிருந்து போய்ப் போடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தாய்மாமா, முகூர்த்த நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தன்னுடைய பழைய கேனன் 300டி கேமராவை இப்போது எனக்கே கொடுத்துவிட்டார். "இத வச்சு என்னடா பண்ணப் போற? என் போன்லயே அம்பது மெகாபிக்ஸல் இருக்கு" என்று கேட்காத ஆள் நம் வகுப்பில் இல்லை.

முதலில் இதன் பூர்வீகம். 1991-ல் கோடாக் கம்பெனி ஒரு நிக்கான் ஃபிலிம் கேமராவின் பின்புறம் டிஜிட்டல் சென்சாரைப் பொருத்தி விற்றது. அது 1.3 மெகாபிக்ஸல்தான். படத்தைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். விலையோ சுமார் 20,000 டாலர்! பத்திரிகைக்காரர்களைத் தவிர யார் வாங்குவார்கள்? 2003 ஆகஸ்டில் 300டி வந்தது. அமெரிக்காவில் பாடி மட்டும் 899 டாலர், லென்ஸோடு 999. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது அப்போதுதான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் கேனன் வெளியிட்ட 10டி கேமராவின் விலை 1,499 டாலர். இரண்டிலும் அதே 6.3 மெகாபிக்ஸல் சிமாஸ் சென்சார், அதே டிஜிக் பிராசஸர். அப்படியானால் அறுநூறு டாலர் எங்கே போனது?

அதற்கு உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். லென்ஸ் வழியாக வரும் ஒளி, 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே போய், அங்கிருந்து திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி 'டப்'பென்று மேலே தூக்கிக்கொள்ளும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும். மேலே ஒளியைத் திருப்பிவிட 10டி-யில் கனமான கண்ணாடிப் பட்டகம் உண்டு. 300டி-யில் அதற்குப் பதில் உள்ளே வெற்றிடமான கூட்டில் ஒட்டிய கண்ணாடிகள்தான். எடையும் செலவும் குறைந்தது, வியூஃபைண்டர் சற்று மங்கியது. மெக்னீசியம் உடம்புக்குப் பதில் பிளாஸ்டிக் உடம்பு.

இதெல்லாம் நியாயமான சிக்கனம். இனி வருவதுதான் வேடிக்கை. சில வசதிகளைச் சாஃப்ட்வேரிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். ஒளி அளக்கும் முறையை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஓடும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் வசதி விளையாட்டு மோடில் மட்டும்தான் கிடைக்கும். பிற்பாடு வெளியாட்கள் சிலர் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி, 10டி-யில் இருந்த ஐ.எஸ்.ஓ. 3200 போன்றவற்றை இதிலும் திறந்து காட்டினார்கள். ஹார்டுவேர் எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது! மைக்ரோபிராசஸர் பாடத்தை வெறும் மார்க்குக்காகப் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குறைத்தவற்றில் கல்யாண வேலைக்கு அதிகம் இடித்தது பஃபர் மெமரி. வினாடிக்கு 2.5 படம் வீதம் தொடர்ந்து நான்கு படம், அவ்வளவுதான். அதன் பிறகு மெமரி கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கேட்டதும் பதறி அழுத்தினால், மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுப் போடும்போது கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். மாமா அட்சதை பறக்கும் வரை விரலை அசைக்கவே மாட்டார். இரண்டு தடவை அழுத்துவார், இரண்டும் ஆல்பத்துக்குப் போகும்.

அது ஃபிலிம் காலத்துப் பழக்கம். ஒரு ரோலில் 36 படம். வரவேற்புக்கு எத்தனை, தாலிக்கு எத்தனை, பந்திக்கு எத்தனை என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்குமாம். ரோலைக் கழுவி வரும்வரை தூக்கம் வராது. தாலி கட்டும்போது யாராவது கண்ணை மூடியிருந்தால் மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? 300டி-யில் முதுகுப்புறத்து 1.8 அங்குலத் திரையில் படத்தை அங்கேயே பார்த்துவிடலாம். சின்ன ஊர் ஸ்டுடியோக்காரருக்கு அதுவே பாதி நிம்மதி.

சென்சார் 22.7 x 15.1 மில்லிமீட்டர். ஃபிலிம் 36 x 24. ஆகவே 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் 80 போலத் தெரியும். சின்ன மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்க முதுகு சுவரில் முட்டும். இதற்காகவே 18-55 லென்ஸைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த வகை லென்ஸ் பழைய ஃபிலிம் பாடிகளில் பொருந்தாது.

ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டினால் சென்சாருக்குக் கண் கூர்மையாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஆம்ப்ளிஃபையரின் கெயினைத்தான் கூட்டுகிறோம். சிக்னலோடு இரைச்சலும் பெருகும். போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்து மர நிழலில் 1600 வைத்தால் படத்தில் ரவை தூவினது போல இருக்கும். போதாக்குறைக்கு ஏலப்பூ செடியின் அடியில், தரையை ஒட்டிப் பூக்கும். இந்தக் கேமராவில் திரையைப் பார்த்துப் படம் எடுக்க முடியாது. கன்னத்தை ஈரமண்ணில் வைத்துத்தான் எடுத்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பு தனிக்கதை. இன்னொன்று, மேலே குளிரில் இருந்த கேமராவைப் போடி வெக்கையில் இறங்கியதும் வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் நீர் பூக்கும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்போது அந்த அம்பது மெகாபிக்ஸலுக்கு வருவோம். 300டி-யின் படம் 3072 x 2048 புள்ளிகள். கல்யாண ஆல்பத்தில் 12 x 8 அங்குலப் படம் போடுவோம். வகுத்துப் பாருங்கள், அங்குலத்துக்குச் சரியாக 256 புள்ளி வரும். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு இது தாராளம். போன் சென்சாரோ விரல் நகத்தளவு. அந்தச் சின்ன இடத்தை அம்பது மில்லியனாகப் பங்கு போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஒளி விழும்? அந்தக் குறையைப் போன் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதை நன்றாகவே செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வீடியோவும் அதில்தான் உண்டு, இதில் கிடையாது.

கேமராவைப் பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் வகுப்புக்கு வரலாம். ஆனால் மெமரி கார்டை மட்டும் நான்தான் செருகுவேன். உள்ளே தலைமுடி போல 50 பின் இருக்கிறது. ஒன்று வளைந்தாலும் போச்சு.