கந்தரோடையும் தமிழர் பௌத்தமும்

மயிலிட்டியிலிருந்து புறப்பட்டுத் தெல்லிப்பழை, மல்லாகம் கடந்து சுன்னாகத்தை அடைந்து, மேற்கே சிறிது தூரம் செல்வோமாயின், பனைகளுக்கிடையே கந்தரோடைத் தூபிகளைக் காணலாம். அநுராதபுரத்தில் முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் உருவன்வெலி தூபியைக் கண்டவர்க்கு, முருகைக்கல்லாலான இவை சிறுவர் அடுக்கிய வீடுகள் போலத் தோன்றலாம். மேற்பகுதிகள் பல பிற்காலத்தில் மீளக் கட்டப்பட்டவை. ஆயினும், ஒரு சிறு நிலப்பரப்பில் இத்துணைத் தூபிகள் நெருங்கி நிற்கும் காட்சி ஈழத்தில் வேறிடத்துக் காண்டற்கு அரியது.

1917ஆம் ஆண்டையொட்டி இங்கு ஆராய்ச்சி செய்த போல் பீரிஸ், தூபிகளோடு உரோமானிய நாணயங்களையும் பழைய இந்திய நாணயங்களையும் கண்டார். 1970இல் பெனிசில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அகழ்ந்தபோது, தமிழகத்துப் பெருங்கற்காலப் புதைகுழிகளிற் கிடைப்பன போன்ற கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் வெளிப்பட்டன. எனவே, கிறிஸ்துவுக்கு முன்னரே மக்கள் இங்கு நிலைத்து வாழ்ந்து கடல் வாணிகத்திலும் தொடர்புற்றிருந்தனர் என்பது தெளிவு.

பௌத்தம் பிறர்க்குரியது என்று இவ்விடத்தைப் புறக்கணிப்போர் நம்முள் உளர். பௌத்தச் சின்னம் உண்மையாலேயே இது தமிழர் நிலமன்று எனச் சாதிப்போர் மறுபுறத்தில் உளர். மதத்தையும் மொழியையும் ஒன்றெனக் கொண்ட பிழை இருவர்க்கும் பொது. 1990இல் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து, 2017 முதல் சிறிது சிறிதாக மீண்ட மக்களுக்கு, ஒரு நிலத்தின் வரலாற்றை ஒரு சாரார் மட்டுமே எழுதுவதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

தமிழர் பௌத்தராயிருந்தமைக்குச் சான்று தேடி அலைய வேண்டுவதுமில்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை பௌத்த காப்பியம். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் தமிழிலக்கணம் செய்த புத்தமித்திரனார் பௌத்தர். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை ஈந்த முதலாம் இராசராசனோ சைவன்! இன்னும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்திற்காகப் போரிட, புத்தர் தோன்றி அப்பகையைத் தீர்த்தார் என்னும் கதையைப் பாளி மகாவம்சம் நாகதீபத்தில் வைத்துரைக்கிறது. மணிமேகலை மணிபல்லவத்தில் வைத்துரைக்கிறது. கதை ஒன்று, மொழி இரண்டு.

மாணவர் அங்கு செல்லும்போது மாரிகாலத்தைத் தெரிந்துகொள்வது நன்று. கோடையில் வெறும் பள்ளமாய்க் கிடக்கும் வழுக்கையாறு அப்போது நீர்கொண்டு ஓடும். ஆறில்லா நாடெனப்படும் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய நகர் ஏன் அவ்விடத்தே எழுந்ததென்பது அந்நீரைக் கண்டால் விளங்கும்.