ஏழு பேர் 45 ஆயிரம் பேர் ஆனது எப்படி?
கிர்காம் மொட்டை மாடியில் தொடங்கிய அப்பளத் தொழில்

தாராவியில் இட்லித் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என் சிநேகிதர். நெல்லைச் சீமைக்காரர். விடியற்காலை 3 மணிக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியும். 6 மணிக்கெல்லாம் நான்கு சைக்கிள்களில் இட்லி, வடை, சட்னி, சாம்பார் ஏற்றிக்கொண்டு பையன்கள் கிளம்பிவிடுவார்கள்.

கடந்த ஆண்டு அவர் கல்யாண் பக்கம் இரண்டாவது சமையற்கூடம் ஒன்று போட்டார். அட்வான்ஸ் கொடுத்தார். கிரைண்டர் வாங்கினார். ஊரிலிருந்து மூன்று பையன்களை வரவழைத்தார். ஐந்தே மாதத்தில் மூடிவிட்டார்! ஒரு நாள் இட்லி கல்லாக இருக்கும். மறுநாள் மாவு புளித்துக் கிடக்கும். உளுந்தும் உப்பும் அண்ணாச்சியின் கை அளவு. கை தாராவியில் இருந்தது. கடை கல்யாணில் இருந்தது.

"பையன்களுக்கு அளவைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சொல்லிக் கொடுத்தா நாளைக்கே எதுத்தாப்ல கடை போட்டிருவான் தம்பி. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!" என்றார்.

இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. மும்பையில் மெஸ் நடத்துகிற, சலவைக்கடை வைத்திருக்கிற, தையல் மெஷின் போட்டிருக்கிற நம்மவர்கள் பலரும் ஒரு கடையோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். பணம் கிடைக்கிறது, இடமும் கிடைக்கிறது. முதலாளி செய்கிற வேலையைச் செய்ய இன்னொரு ஆள் கிடைப்பதில்லை. கிடைப்பதில்லை என்பதைவிட, அப்படி ஓர் ஆளை நாம் உண்டாக்குவதில்லை என்பதே சரி.

இதே மும்பையில், நம் சமையலறைக்கு மிகவும் பழக்கப்பட்ட ஒரு பண்டத்தை வைத்துக்கொண்டு சில பெண்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்திருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் நான் சொன்ன கதை அதுதான்.

80 ரூபாய் கடன்

1959-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி. அன்றைய பம்பாயின் கிர்காம் பகுதியில் லோகாணா நிவாஸ் என்ற குடியிருப்பு. அங்கு வசித்த ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் உள்ளிட்ட ஏழு குஜராத்திப் பெண்கள் மொட்டை மாடியில் கூடி அப்பளம் இட்டனர். சமூகத் தொண்டரான சகன்லால் கரம்சி பாரேக் என்பவரிடம் வாங்கிய 80 ரூபாய் கடன்தான் முதல். அன்று தயாரானவை நான்கு பாக்கெட்டுகள். முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். அதுவே இன்று 'லிஜ்ஜத்' அப்பளம் என்று நாடெங்கும் தெரிகிற நிறுவனம்.

அந்த முதல் ஆண்டில் மழைக்காலம் வந்ததும் நான்கு மாதங்கள் தொழிலை நிறுத்த வேண்டியதாயிற்று. பம்பாய் மழையில் அப்பளம் எப்படி உலரும்? அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். மெத்தப் படித்த மானேஜர் யாரும் வந்து சொன்ன யோசனை அல்ல இது.

தொடக்கத்தில் இரண்டு தரம் தயாரித்து, மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கவும் எண்ணியிருந்தனர். தரத்தில் விட்டுக்கொடுக்காமல் ஒரே தரமாகச் செய்யுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று பாரேக் வற்புறுத்தினார். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதையும் அவர்கள் கொள்கையாக வைத்துக்கொண்டனர்.

மாடி நிறைந்த நாள்

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முக்கியமான கட்டம் மூன்றாவது ஆண்டில்தான் வருகிறது. அதற்குள் முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்துவிட்டனர். மாடியில் உட்கார இடமில்லை. அதுவரை எல்லோரும் ஒரே இடத்தில், ஒருவர் கண்முன் ஒருவராக அமர்ந்து அப்பளம் இட்டார்கள். தவறு செய்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்லித் திருத்துவார். இனி என்ன செய்வது?

அண்ணாச்சி கல்யாணில் மாட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான்.

அவர்கள் வேலையைப் பிரித்தனர். பண்டங்களை வாங்குவதும் மாவு பிசைவதும் மத்தியில் இருக்கட்டும். இடுவது அவரவர் வீட்டில் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. விடியற்காலையில் கிளைக்கு வந்து, முந்தின நாள் இட்ட அப்பளத்தை ஒப்படைத்து, கூலியைப் பெற்றுக்கொண்டு, பிசைந்த மாவை வாங்கிச் செல்லும் வழக்கம் அப்படி உண்டாயிற்று. பல கிளைகளில் பெண்களை அழைத்துவர வேனும் ஓடுகிறது. உளுந்தும் பெருங்காயமும் மிளகும் ஒரே இடத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் போவதால் ருசி மாறுவதில்லை. (நம் ஊர் அப்பளத்தின் பிரண்டை மணம் இதில் இல்லை என்பது என் மனைவியின் குறை. அது வேறு விஷயம்.)

வீட்டுக்கு மாவு கொடுப்பதற்கு முன், அந்த வீட்டில் சுத்தமான இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பலகையும் குழவியும் நிறுவனமே கொடுக்கிறது. இட்டு வரும் அப்பளத்தை எடை போட்டு, தரம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கவனியுங்கள். இவர்கள் 'கை அளவை' நம்பவில்லை. அளவைக் கையிலிருந்து எடுத்துத் தராசில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆளை நம்புவது எளிதாகிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் பெரியவர் ஒருவரின் கீழ் வேலை பார்த்தேன். பதிவேடு எங்கே, எந்தக் கடிதம் எந்தக் கட்டில் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கேட்டால், "போகப் போகத் தெரியும்பா" என்பார். அவர் மகள் கல்யாணத்துக்கு 20 நாள் லீவில் போனபோது, நான்கு குமாஸ்தாக்கள் ஒரு பீரோவின் முன் நின்று விழித்தோம். திரும்பி வந்தவருக்கு அதில் ஒரு பெருமை! தான் இல்லாவிட்டால் ஆபீஸ் நடக்காது என்பதில் அவருக்கு மகிழ்ச்சி. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பதிவேடுகளைச் சரி செய்ய எனக்கு ஓராண்டு பிடித்தது.

குழவி பிடித்தவரே தலைவி

கிளை திறப்பதில் லிஜ்ஜத்தும் அடிபட்டதுண்டு. 1961-ல் மலாடில் முயன்று தோற்றார்கள். மகாராஷ்டிரத்துக்கு வெளியே அவர்களின் முதல் கிளை, குஜராத்தின் வாலோடில் 1968-ல்தான் அமைந்தது. இதற்கிடையே 1966-ல் நிறுவனம் சங்கமாகப் பதிவாகி, அதே ஆண்டில் கதர், கிராமத் தொழில் கமிஷனின் அங்கீகாரத்தையும் பெற்றது. இன்று 80-க்கு மேற்பட்ட கிளைகள். 45 ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள்.

இத்தனை கிளைகளுக்கும் தலைவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கிளையை நடத்துபவருக்கு 'சஞ்சாலிகா' என்று பெயர். அவரை உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். மாவின் பதம், உலர்த்தும் பக்குவம், மாதக் கடைசியில் ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கும் கஷ்டம் ஆகியவற்றை அறிந்தவர்தான் அந்த நாற்காலியில் உட்காருகிறார். மேலே 21 பேர் கொண்ட நிர்வாகக் குழு, அவர்களும் உறுப்பினர்களே. ஒருவரையொருவர் அழைப்பது 'பென்', அதாவது சகோதரி என்று.

லாபத்தைப் பிரிக்கும்போது மூத்தவர், இளையவர், இந்த வேலை, அந்த வேலை என்ற வித்தியாசம் கிடையாது. சமபங்கு! அண்ணாச்சியின் பயத்துக்கு இதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். தொழில் கற்றுக்கொண்ட பெண் எதிரில் கடை போடுவதற்கு அவசியம் என்ன? இந்தக் கடையே அவளுடையதாயிற்றே!

எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். இது உடம்பை வருத்தும் வேலை. குழவி உருட்டி உருட்டித் தோள் வலிக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு முடிவை ஆட்சேபிக்கலாம் என்றால், சில காரியங்கள் மெதுவாகத்தான் நடக்கும். இன்னொன்றும் உண்டு. பெண்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். கணக்கர், டிரைவர் போன்ற வேலைகளில் இருக்கும் ஆண்கள் சம்பளக்காரர்கள். அவர்களுக்கு ஓட்டும் இல்லை, லாபத்தில் பங்கும் இல்லை. குமாஸ்தாக்களாகிய நாம் எங்கே போனாலும் நம் நிலை இதுதான் போலும்!

அந்த மாடியில் உட்கார்ந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் 90 வயதைக் கடந்திருந்தார்.

அண்ணாச்சி கதையை முழுவதும் கேட்டார். "அது பொம்பளைங்க ஒத்துமை தம்பி. நம்மாளுங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

போன ஞாயிறு விடியற்காலையில், இரவு டியூட்டி முடிந்து திரும்பும் வழியில் அவர் வீட்டுப் பக்கம் போனேன். மாவு அரைக்கிற இடத்தில் ஆணியில் ஓர் எவர்சில்வர் தம்ளர் கயிற்றில் தொங்கியது. உள்பக்கம் ஆணியால் கீறிய கோடு. தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்தக் கோடு வரை உப்பை அளந்து மாவில் போட்டான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாச்சி நின்றிருந்தார்.

"பங்கு எவ்வளவுன்னு இன்னும் பேசல தம்பி" என்றார் என்னிடம், பையனுக்குக் கேட்காதபடி. "ரூபாய்க்கு ரெண்டணா சொல்லலாம்னு இருக்கேன். அவன் நாலணா கேப்பான்னு தோணுது."